தகடு நம் கையில், ஆட்டம்?

சென்ற விடுமுறையில் என் சேமிப்பிலிருந்து தம்பிக்குப் பிளேஸ்டேஷன் 4 ஆட்டத் தகடு ஒன்று வாங்கினேன். செருகியதும் ஆடலாம் என்று எண்ணியவன் ஏமாந்தான். காரணத்தை ஆராய்வோம்.

2000-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, ஆட்டத்தைத் தகட்டிலிருந்தே நேராகப் படித்தது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவையோ அதனை முதலில் வன்தட்டில் பதிந்துகொள்கின்றன. இரட்டை அடுக்குப் புளூ-ரே தகடு 50 கிகாபைட் கொள்ளும்; ஆயினும் அதைப் படிக்கும் வேகம் வன்தட்டினும் குறைவு. ஆகவேதான் இப்பதிவு. பதிந்தபின் தகடு எதற்கு? அதுவே உரிமைச் சீட்டு! உள்ளே தகடு இல்லையேல் ஆட்டம் திறவாது. தகட்டை நண்பருக்கு அளித்தால் உரிமையும் உடன் செல்லும்.

அடுத்தது திருத்தம். அச்சான தகட்டில் பிழை நீக்க இயலாது. திருத்தங்கள் இணையம் வழியே வந்து வன்தட்டில் சேர்கின்றன. தகடோ பழைய பதிப்பாகவே நிற்கும். என்றேனும் அச்சேவை நிறுத்தப்பட்டால், புதிதாகப் பதிபவருக்குத் தகட்டில் உள்ளதே மிஞ்சும்.

சில தகடுகளில் ஆட்டத்தின் ஒரு பகுதியே உண்டு. மீதியை இணையத்தில் பெற வேண்டும். நான் வாங்கியதும் அத்தகையதே. உறையில் அச்சிட்டிருந்தும் நான் படிக்கவில்லை. எங்கள் ஊர் இணைய வேகத்தில் தம்பி மூன்று நாள் காத்திருந்தான். நண்பர்களே, நீங்கள் படித்துப் பார்த்து வாங்குங்கள்!