புதிய வீட்டில் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுதல்

நாலந்தாவில் நீங்கள் குடியேறியுள்ள வீட்டில், முன்பு வேறொருவர் பாவித்த ரவுட்டர் இருக்கிறதா? அதன் கடவுச்சொல்லை அறிந்தவர்கள் உங்கள் டேட்டாவைத் தீர்த்துவிடலாம். பிள்ளைகளின் இணைய வகுப்பு பாதியில் நின்றுவிடும். ஆகவே முதல் நாளிலேயே அதை மாற்றுங்கள்.

1. ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற முகவரி, பாவனையாளர் பெயர், கடவுச்சொல் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும்.

2. கைத்தொலைபேசியை அந்த வைஃபையுடன் இணையுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

3. குரோம் போன்ற உலாவியைத் திறந்து, மேலேயுள்ள முகவரிப் பட்டையில் அந்த இலக்கங்களைப் புள்ளிகளுடன் தட்டச்சு செய்யுங்கள்.

4. வரும் பக்கத்தில் தாளில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்நுழையுங்கள்.

5. வைஃபை கடவுச்சொல், இந்தப் பக்கத்துக்கான கடவுச்சொல் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

உள்நுழைய முடியாவிட்டால், ரீசெட் பொத்தானை அழுத்துமுன் இணைப்பு வழங்கும் நிறுவனத்திடம் கேளுங்கள்; அழுத்தினால் இணைப்புக்குரிய விபரங்களும் அழிந்துபோகலாம்.

புதிய கடவுச்சொற்களை எழுதி, குடும்ப ஆவணங்களோடு பத்திரமாக வையுங்கள்.