ஃப்ரீக்வென்சியில் மூன்றாவது ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரியை முடித்துச் சென்னையில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராகப் பணிக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிந்து மிக்க மகிழ்ச்சி. உங்கள் கடிதத்தில் இருந்த மற்ற கேள்விகளுக்கு ஷிஃப்ட் சீனியர்களே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். ஒன்றுக்கு மட்டும் நான் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. “இன்னும் கொஞ்ச காலத்தில் எல்லா மொழியையும் மெஷினே மாற்றிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். ஆங்கிலத்தின் காலமே முடியப்போகிறதாம். தமிழ்வழியில் படித்த நான் இ.எல்.பி. என்ற ஆங்கிலத்திறன் தேர்வுக்கு இவ்வளவு மெனக்கெடுவதில் அர்த்தம் இருக்கிறதா சார்?” என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சந்தேகம் இன்னும் பலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பாரிஸில் நடந்த ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறேன். 2000 மே 25, பின்னிரவு, சார்ல் தெ கோல் விமான நிலையம். மாட்ரிட் போக வேண்டிய ஏர் லிபர்த்தே எம்.டி.83 விமானம் ரன்வே முனையில் தயாராக இருக்கிறது. பைலட்டும் பிரெஞ்சுக்காரர், கன்ட்ரோலரும் பிரெஞ்சுக்காரர். டேக் ஆஃப் கிளியரன்ஸும் பிரெஞ்சிலேயே போகிறது. விதிப்படி அதில் தப்பு இல்லை. தரைநிலையம் தன் நாட்டு மொழியில் பேசலாம், கேட்டால் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பதுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி. அதே ஃப்ரீக்வென்சியில் பிரிட்டிஷ் சரக்கு விமானம் ஒன்றும் இருந்தது. ரன்வே முனையிலிருந்து தள்ளி, இடையில் வந்து சேரும் டாக்ஸிவேயில் அது காத்திருந்தது. அது எம்.டி.83க்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்ட கன்ட்ரோலர், இரண்டாவதாக ரன்வேயில் வந்து நிற்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். பிரெஞ்சில் போன கிளியரன்ஸ் அந்த விமானிகளுக்குப் புரியவில்லை; ரன்வேக்குள் நுழைந்தார்கள். வேகமெடுத்து வந்த எம்.டி.83இன் இறக்கை முனை அவர்களுடைய காக்பிட்டைக் கிழித்துக்கொண்டு போனது. கோ-பைலட் இறந்துபோனார்.

பேசிக்கொண்ட இருவருக்கும் அங்கே மொழிச் சிக்கலே கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது ஆளுக்குத்தான் சிக்கல். நம் தொழிலில் பொதுமொழி தேவைப்படுவதே அந்த மூன்றாவது ஆளுக்காகத்தான் தம்பி. நீங்கள் ஒரு பைலட்டுக்குச் சொல்வதை அதே ஃப்ரீக்வென்சியில் உள்ள எல்லாரும் கேட்கிறார்கள். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், நமக்கு முன்னால் யார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து தப்பு வந்தால்கூட, கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் குறுக்கிட்டு எச்சரிக்க முடியும். உங்களுக்கும் ஒரு ரஷ்ய பைலட்டுக்கும் நடுவே மெஷின் அருமையாகவே மொழிபெயர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே நொடியில் பத்து விமானங்களில், பத்து மொழிகளில், ஒரே அர்த்தம் போய்ச் சேர்ந்ததா என்று யார் உறுதி சொல்வது?

டேட்டாலிங்க் வேறு விஷயம். வங்காள விரிகுடாவுக்கு மேலே போகும் விமானங்களோடு நீங்கள் பெரும்பாலும் சி.பி.டி.எல்.சி. என்ற எழுத்துவழி டேட்டாலிங்க் முறையில்தான் தொடர்பு வைத்துக்கொள்வீர்கள். எச்.எஃப். ரேடியோ இரைச்சலில் ஒரே பொசிஷன் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய எங்கள் காலத்துப் பாடு உங்களுக்கு இல்லை. டேட்டாலிங்க்கில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. இன்ன உயரத்துக்கு ஏறு என்பதற்கு 20. அனுப்பப்படுவது குறியீடுதான், திரையில் அது ஆங்கில வாக்கியமாக விரிகிறது. அரபியிலோ சீனத்திலோ தமிழிலோ விரிக்கவும் முடியும். ஆங்கிலம் என்றாவது வானத்தை விட்டு விலகுமானால் இந்த வழியாகத்தான் விலகும் என்பது என் கணிப்பு. ஆனால் டேட்டாலிங்க்கில் மூன்றாவது ஆளின் காதில் எதுவும் விழாது. விமானங்கள் வெகுதூரம் விலகிப் பறக்கும் கடல்வெளிக்கு அது போதும். மீனம்பாக்கத்தில் விமானங்கள் வரிசை கட்டி இறங்கும் நேரத்துக்குப் போதாது. அங்கே குரல் வேண்டும். குரல் உள்ளவரை பொதுமொழியும் வேண்டும்.

அந்தப் பொதுமொழி என்றைக்கும் ஆங்கிலமாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. நியூட்டன் 1687இல் பிரின்சிப்பியாவை லத்தீனில் வெளியிட்டார். 1704இல் ஆப்டிக்ஸை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரே விஞ்ஞானியின் ஆயுளுக்குள் எழுதும் மொழி மாறியது. கனடாவையும் பாருங்கள். 1976 ஜூனில், மாண்ட்ரீயல் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது, பைலட்டுகளும் கன்ட்ரோலர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் வானில் பிரெஞ்சையும் அனுமதிப்பது ஆபத்து என்பது அவர்கள் வாதம். கியூபெக்கின் பிரெஞ்சு விமானிகள் தங்களுக்கென்று சங்கம் வைத்து எதிர்த்து நின்றார்கள். அரசின் சமரசம் பொறுக்காமல் மத்திய அமைச்சர் ழான் மார்ஷாந் பதவி விலகினார். கடைசியில் நீதிபதிகள் கமிஷன் ஒன்று ஆராய்ந்து, இரு மொழியிலும் பாதுகாப்பாக நடத்த முடியும் என்று 1979இல் அறிக்கை கொடுத்தது. என் மனம் கியூபெக்காரர்கள் பக்கம்தான். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு நெருக்கடியில் இருக்கும்போது, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவர் உயிரோடு விளையாடுவது. பாரிஸ் விபத்தும் உண்மை, கியூபெக் அறிக்கையும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்குப் பின்னால் நம் மண்ணில் நடந்த ஒரு விபத்தும் இருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவுதி ஜம்போவுக்கு ஒதுக்கிய உயரம் 14,000 அடி. எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரில் விமானம் வருகிறது என்பதையும் கன்ட்ரோலர் சொல்லியிருந்தார். கஜகஸ்தான் விமானத்தில் ஆங்கிலம் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரம் காட்டும் கருவி இல்லை. 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே இறங்கியது. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்த விபத்துக்குப் பிறகு, 1998இல் ஐகாவோ பேரவை மொழித்திறன் பற்றித் தீர்மானம் போட்டது. 2008 மார்ச் 5 முதல் அந்தத் திறனில் லெவல் 4 கட்டாயமானது.

இதைப் படித்துவிட்டு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிடம் கோளாறே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நெருங்கிய கொலம்பிய ஏவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காக்கவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, முன்னுரிமை வேண்டும் என்று கோ-பைலட் சொன்னார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அந்த விமானிகள் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று கன்ட்ரோலர்கள் போதுமான அளவு துருவிக் கேட்கவில்லை. 73 பேர் இறந்தார்கள். பாதி பொறுப்பு பேசியவருக்கு என்றால் மீதிப் பாதி கேட்டவர்களுக்கு. பொதுமொழியைச் சொந்த மொழியாகக் கொண்டவருக்கு, எதிராளிக்குப் புரிகிறதா என்று பார்க்கும் கடமை இன்னும் கூடுதல். அந்தக் கடமையில் தவறுகிறவர்கள் ஏராளம். ஆங்கிலத்தைப் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட உங்களைப் போன்றவர்களிடம் அந்தக் கவனம் இயல்பாகவே இருக்கும்.

அதனால் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்லவைத்தது லண்டன்காரர்களைத் திருப்திப்படுத்த அல்ல. யார் வாயிலிருந்து வந்தாலும் யார் காதிலும் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக. அமெரிக்கப் பைலட்டின் வேகம் உங்களுக்கு வேண்டாம். நிமிடத்துக்கு 100 வார்த்தைக்கு மேல் போகாதே என்று ஐகாவோவே சொல்கிறது. வணக்கம் சொல்லும் பைலட்டுக்குத் திருப்பி ஒரு வணக்கம் சொல்லுங்கள், குறையில்லை. கிளியரன்ஸ் மட்டும் பொதுமொழியிலேயே போகட்டும். வீட்டிலும் கேன்டீனிலும் நல்ல தமிழ் பேசுங்கள். அது ரேடியோவில் உங்கள் ஆங்கிலத்தைக் கெடுக்காது.

லெவல் 4 வாங்கினால் 3 வருடத்தில் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். லெவல் 5 என்றால் 6 வருடம். ஐந்துக்கே குறிவைத்துப் படியுங்கள். வேலையில் உட்கார்ந்த பிறகு, பைலட் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கில் ஓர் எண் தெளிவில்லாமல் வந்தாலும் விடாதீர்கள். ‘சே அகெய்ன்’ என்று கேளுங்கள். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று தயங்காமல், சரியாக வரும்வரை கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கன்ட்ரோலர்