பேட்டியில் சுருங்கிப்போகும் வருடங்கள்

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

கம்பம்–குமுளி சாலையில் இடம் பிடித்து உடனே ஓட்டல் தொடங்கிவிட வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்தேன். சமையல்கலைஞர்களும் உணவுத் தொழில் நடத்துகிறவர்களும் கொடுக்கும் பேட்டிகளை விடாமல் பார்த்ததில்தான் இந்த எண்ணம் உறுதிப்பட்டது என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பேட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கரண்டி பிடிக்கிற வேலை என்று முகம் சுளித்த வீடுகளில் அவை கொஞ்சம் மரியாதையைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு பகுதி மட்டும் எப்போதும் சுருங்கிப்போகிறது. பாட்டியின் அம்மிக்கல்லும் அம்மாவின் கைப்பக்குவமும் விரிவாக வரும். விருதும் கிளைகளும் அதே மாதிரி விரிவாக வரும். நடுவில் அடுத்தவர் அடுப்படியில் நின்ற வருடங்களை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். கேட்கிறவருக்கும் அதில் ருசியில்லை, சொல்கிறவருக்கும் அதை விவரிக்கப் பொறுமையில்லை. அவர்கள் தொழில் கற்றுக்கொண்டதோ அந்த வருடங்களில்தான். கடையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு நல்ல சமையலறையில் வேலைக்குச் சேர் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ உதாரணம் காட்டிய விஜய்குமாரையே எடுத்துக்கொள்வோம். நத்தம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, நமக்கு அக்கம்பக்கம்தான். 2021இல் நியூயார்க்கில் அவர் சமையலை நம்பித் தொடங்கிய 'செம்ம' உணவகம் மறு ஆண்டே மிச்செலின் நட்சத்திரம் வாங்கியது. 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். நம் பக்கத்து வயல்காட்டுச் சாப்பாட்டுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, இனி வெளியில் போய்க் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். வயலில் பொறுக்கிய நத்தையைத் தின்று வளர்ந்ததும், அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டதும், அதே நத்தைப் பிரட்டல் இன்று அவர் பெயரைச் சொல்வதும் உண்மைதான். ஆனால் இன்ஜினியரிங் படிக்க வீட்டில் வசதியில்லாமல் அவர் திருச்சிக்குப் போய் ஓட்டல் படிப்புப் படித்தார். பிறகு சென்னை கன்னிமரா, அப்புறம் சொகுசுக் கப்பல், அதன்பின் கலிபோர்னியாவில் உணவகங்கள். செம்மவுக்கு முன்பே பர்லிங்கேமில் அவர் சமைத்த 'ரசா'வுக்கு ஒரு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை உயர்ந்த பண்டமாக மதிக்கிறார்கள் என்பதே அந்த ஓட்டல் படிப்பில்தான் அவருக்குத் தெரியவந்தது. நத்தையைக் கொஞ்ச நேரம் கூடுதலாக அடுப்பில் விட்டால் ரப்பராகிவிடும். சரியாகக் கழுவாவிட்டால் பல்லில் மண் நறநறக்கும். வீட்டில் ஒரு நாள் அப்படி ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் முன்னால் ஒவ்வொரு தட்டும், ஒவ்வொரு நாளும், ஒரே பதத்தில் வந்து நிற்க வேண்டும். பாட்டி கொடுத்தது ருசி. அந்த ருசியை ஒரு நாளும் தவறவிடாத கை, பிறர் சமையலறைகளில் ஏறத்தாழ 20 வருடம் நின்று வந்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாமே விளைகிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை என்கிறாய். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீரில் நெல்லும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க வருகிறது. போடியில் ஏலக்காய் ஏலமே நடக்கிறது. இதெல்லாம் பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் விளைவது வேறு, அதை வாங்கத் தெரிவது வேறு. பன்னீர் திராட்சைக்கு மணம் உண்டு, தோல் மெல்லிது. பறித்தால் நாள் தாங்காது. ஜூஸுக்கு எத்தனை கூடை, எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று தெரியாதவளுக்குத் தோட்டம் எதிரிலேயே இருந்தாலும் நட்டம்தான். ஏலக்காயில் நல்ல பச்சையும் பருமனுமான காய்க்குத்தான் உச்ச விலை. நிறம் வெளுத்ததும் வாய் பிளந்ததும் விலை இறங்கும். பாயசத்துக்குப் பொடிக்கப் போகிற சமையலறை முதல் தரத்தைக் கேட்டு வாங்குவது பணத்தைக் கொட்டுவது. சின்ன வெங்காயம் இன்னும் பெரிய வாத்தியார். உரித்த பிறகு தராசில் போட்டுப் பார்த்தால்தான் நீ வாங்கிய ஒரு கிலோ எவ்வளவு நின்றது என்று தெரியும். விலை இரண்டு மடங்கு ஏறிய வாரத்திலும் சாம்பார் அதே சாம்பாராக இருக்க வேண்டும், சாப்பாட்டு விலையை நினைத்த மாத்திரத்தில் ஏற்றவும் முடியாது. விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்குச் செலவை நிறுத்த வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சொல்வது எளிது. அதை எப்படி நிறுத்துவது என்பதை அனுபவப்பட்ட சரக்கு மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கை பழகும்.

யாரிடமும் வேலை பார்க்காமல் ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பாய். பட்ரீசியா நாராயண் இருக்கிறார். 1982இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டார், முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசு. 2010இல் பெண் தொழில்முனைவோருக்கான ஃபிக்கி விருது வாங்கினார். உன் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதனால்தான் நானே எடுத்து வைக்கிறேன். ஆனால் அவர் எந்த வரிசையில் ஏறினார் என்று பார். வீட்டிலிருந்து ஊறுகாயும் ஜாமும் விற்றார், பிறகு வண்டி, அப்புறம் குடிசை மாற்று வாரிய அலுவலகக் கேன்டீன் போன்ற இடங்கள், கடைசியில்தான் சொந்த உணவகம். ஒரு நாள் விற்காமல் போனாலும் பாலும் காபித்தூளும்தான் போகும் என்கிற அளவில் நின்றுகொண்டு அவர் பாடம் படித்தார். கேன்டீனில் மணியடித்தால் கூட்டம் வந்து நிற்கும், தாமதத்துக்கு இடமே கிடையாது. முதலாளி இல்லையே தவிர, அதுவும் பயிற்சிதான். நீ நினைப்பது முன்பணம், மாத வாடகை, நாலைந்து ஆள் சம்பளம் என்று முதல் நாளிலேயே பெரிய சுமை. அவர் வழியில்தான் போவேன் என்றால் அவர் அளவில் தொடங்கு. தள்ளுவண்டியோ, வீட்டுப் பலகாரமோ, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு ஆரம்பி. அதற்கு என் ஆட்சேபம் துளியும் இல்லை.

அந்தச் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டி ஓயாது, மகரஜோதி வரைக்கும் சைவச் சாப்பாட்டுக்குக் கூட்டம் நெரியும். தை பிறந்தபின் அந்தக் கூட்டம் கலைந்துவிடும், அப்புறம் தேக்கடிக்குப் போகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும்தான். இவர்கள் கேட்பது வேறு சாப்பாடு. ஒரு சீசனின் கல்லாவைப் பார்த்து வருட வாடகை பேசிவிடாதே.

சம்பளம் குறைவு, நின்றபடியே வேலை, ராத்திரி வீடு திரும்ப நேரமாகும், கல்யாணப் பேச்சு வரும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று அம்மா வருத்தப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, பெண்களுக்கு உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லாத சமையலறைகளும் உண்டு. அதனால் வேலை கேட்டுப் போகிற இடத்தில் சம்பளத்துக்கு முன்னால் இவற்றைக் கேள்: இரவு வண்டி உண்டா, பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஒரே மேடையில் வெங்காயம் நறுக்கவே வைத்திருப்பார்களா, சரக்கு வாங்கும் நோட்டைப் பார்க்க விடுவார்களா? கடைசிக் கேள்விக்குச் சரி என்கிற இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேர்ந்துவிடு தாயி. மூன்று வருடம் கழித்து, நீயே எழுதிய கணக்கு நோட்டோடு வந்து அதே சாலையில் கடை பிடிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்க உன் அப்பா எடுத்து வைத்திருக்கும் பணத்தை அதுவரை வங்கியில் போடச் சொல்லி நானே அவனிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா