பெயர் இல்லாத புட்டி

பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்களுக்குக் கால் ஆணி புதிதல்ல. திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் தங்கியிருக்கும் பெரியவர்களின் தலைமாட்டைப் பாருங்கள். கால் ஆணி மருந்து இருக்கும். அதன் பக்கத்திலேயே, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு விடச் சொன்ன சொட்டு மருந்தும் இருக்கும். இரண்டும் விரல் நீளப் புட்டி. முதலாவதில் இருப்பது தடித்த தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். விடிகாலையில் கண்ணாடி போடாமல் தடவி எடுக்கிற கைக்கு வித்தியாசம் தெரியாது.

இன்றே இரண்டையும் பிரித்து வையுங்கள். கண் மருந்து மேலே அலமாரியில், கால் மருந்து செருப்பு வைக்கும் இடத்துப் பக்கம்.

அசட்டையான ஆட்களுக்குத்தான் இப்படி நேரும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரி 31, போலியோ சொட்டு மருந்து நாள். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட 12 குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்துக்குப் பதில் சானிடைசரை விட்டுவிட்டார்கள். நல்லவேளை, குழந்தைகள் பிழைத்தார்கள்.

அமெரிக்காவின் மேரி மெக்ளின்டன் பிழைக்கவில்லை. 2004 நவம்பரில், சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனையில் அவருக்கு மூளை ரத்தக்குழாய் சிகிச்சை. தட்டில் உப்பு நீர், படத்தில் ரத்தக்குழாய் தெரிவதற்கான மருந்து, தோல் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் என மூன்று திரவங்கள் இருந்தன. மூன்றும் தண்ணீர் மாதிரியே இருக்கும். கிண்ணங்களில் பெயரும் எழுதவில்லை. கிருமிநாசினி ஊசி வழியே உடம்புக்குள் போய்விட்டது. அதற்குச் சற்று முன்புவரை அங்கே தோல் துடைக்கப் பயன்பட்டது பழுப்பு நிற அயோடின். அந்த நிறமே ஒரு காவலாக இருந்திருக்கிறது.

மருந்து தன் புட்டியைவிட்டு இறங்கிய நொடியிலேயே பெயரை இழந்துவிடுகிறது. அதனால்தான், இரவே மருந்தை டம்ளரில் ஊற்றி மூடிவைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காலையில் வேறொருவர் வருவார். டம்ளரில் இருப்பது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊற்றியவரே, ஊற்றிய கையோடு கொடுக்க வேண்டும். புட்டியை எடுக்கும்போது, ஊற்றும்போது, திருப்பி வைக்கும்போது என மூன்று முறை பெயரைப் படிக்க வேண்டும்.

ரமணாசிரமப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரியவர் ஆந்திராவிலிருந்து வந்திருப்பார், பார்த்துக்கொள்ளும் அம்மா தமிழ் மட்டுமே படிப்பார், புட்டியிலோ ஆங்கிலம். ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, ‘கண்ணுக்கு’, ‘காதுக்கு’, ‘குடிக்கக் கூடாது’ என்று இருவர் மொழியிலும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் பினாயிலோ ஆசிட்டோ ஊற்றி வைக்கவே வேண்டாம். தண்ணீர் கலந்த பினாயில் மோர் மாதிரி இருக்கும். நீலகிரித் தைலமும் வேப்பெண்ணெயும் நம் வீட்டுப் பொருள்கள்தான் என்றாலும், குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரலாம். கிரைப் வாட்டர் பக்கத்தில் அவற்றை வைக்காதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்? கண் என்றால் தேய்க்காமல், ஓடும் குழாய் நீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். குடித்துவிட்டால் விரலைவிட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்புக் கரைசலும் புளிக்கரைசலும் வேண்டாம். ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவை மேலே ஏறி வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போகும். 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் புட்டியை, காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.