வால்வுப் பெருக்கியும் ஒலிக்கலவை மேசையும்

கிதாருக்குரிய வால்வுப் பெருக்கியை, மிக்சர் எனப்படும் ஒலிக்கலவை மேசையுடன் இணைப்பது எளிய வேலை போலத் தோன்றும். இரண்டிலும் துளை ஒரே வடிவினது, கம்பியும் ஒன்றே. ஆயினும் அத்துளைகளில் நிலவும் மின்னழுத்தங்கள் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாது செய்த இணைப்பு கருவியை எரித்ததுண்டு.

பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தொம்மலூரை எடுத்துக்கொள்வோம். சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளால் வரலாற்று மாணவர்க்கு அறிமுகமான இவ்வூர், இன்று வீடுகளும் அலுவலகங்களும் நெருங்கிய நகர்ப்பகுதியாகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு விதித்துள்ளன. 15 வாட் பெருக்கி முழு விசையில் இயங்கினால் அவ்வரம்பை எளிதிற் கடந்துவிடும். ஆகவே ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, நேரே மேசையில் இணைக்க வாசிப்போர் விழைவது இயல்பே. பிழை நேர்வதும் அங்குதான்.

வால்வு இந்நகருக்குப் புதியதன்று. ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே ஜெர்மானியம் குறைகடத்திகளும் அங்கு உருவாயின. வானொலியிலிருந்து வால்வு மறைந்த பின்னும் கிதார் வாசிப்போர் அதனைக் கைவிடவில்லை.

கிதாரின் பிக்கப் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு. முன்வால்வுகள் அதனை உயர்த்துகின்றன. இறுதி வால்வுகளின் தகட்டில் 300 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும்; அவை பல்லாயிரம் ஓம் சுமையை வேண்டுவன. ஒலிபெருக்கியோ 8 ஓம். இவ்விரண்டையும் பொருத்துவது வெளியீட்டு மின்மாற்றி. 8 ஓமில் 15 வாட் என்றால் அழுத்தம் சுமார் 11 வோல்ட். மேசையின் லைன் துளை எதிர்பார்ப்பது ஏறத்தாழ 1.2 வோல்ட், மைக் துளைக்குச் சில மில்லிவோல்ட்டே போதும்.

அழுத்த மிகுதியைவிடப் பெரிய கேடு வேறொன்று உண்டு. சுமை நீங்கினால், மின்மாற்றியின் உட்கருவில் தேங்கிய காந்த ஆற்றல் செல்ல வழியின்றி, முதற்சுருளில் மிகையழுத்தமாக வெடிக்கும், காப்புறை துளைபடும். டிரான்சிஸ்டர் பெருக்கியில் பழகியவர் இதனை மறந்துவிடுவர். அது பொதுவாகச் சுமையின்றி இருப்பதைப் பொறுக்கும், குறுக்கிணைப்பையே பொறுக்காது.

ஆதலின் ஒலிபெருக்கிக்குப் பதிலாக, 8 ஓம், 50 வாட் தாங்கும் தடையொன்றைச் சுமையாக வைத்தல் வேண்டும். அதன் குறுக்கே 10,000 ஓமும் 100 ஓமும் தொடராக இணைத்து, 100 ஓமின் முனைகளிலிருந்து மேசைக்கு எடுத்தால் 11 வோல்ட் 0.11 வோல்ட்டாகக் குறையும். கிதார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை இயல்பாகவே அடக்குவது. அதுவின்றி ஓசை கரகரக்கும். 100 ஓமின் குறுக்கே 0.33 மைக்ரோபாரட் மின்தேக்கி வைத்தால் ஓரளவு சீராகும். முழுதும் சீராகாது, ஒலிபெருக்கியின் அடக்கம் இதனினும் செங்குத்தானது.

ஒலிமாற்றுக் கருவிகளுக்கும் இடமுறை உண்டு. ஓசையைச் சிதைப்பது பெருக்கிக்கு முன்னும், எதிரொலி தருவது முன்வால்வுகளுக்கும் இறுதி வால்வுகளுக்கும் இடையிலும் அமைதல் நன்று. எதிரொலி முதலில் வந்தால், அதுவும் மூல ஓசையுடன் கலந்து சிதைந்து குழம்பும். இடைத்துளை இல்லாத பெருக்கிகளில், மேற்கூறிய பிரிப்பானுக்குப் பின், மேசையிலேயே எதிரொலியைச் சேர்க்கலாம்.

பெருக்கியும் மேசையும் தனித்தனியே நிலத்தொடர்பு பெற்றிருந்தால், இணைப்புக் கம்பியின் உறை வழியே ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழும். அதனை நீக்கச் சிலர் பிளக்கின் நிலமுனையை வெட்டிவிடுவர். இஃது ஒருபோதும் கூடாது. கிதாரின் கம்பிகள் உறை வழியாகப் பெருக்கியின் சட்டத்துடன் இணைந்தவை. சட்டத்தில் மின்கசிவு நேர்ந்தால் வாசிப்பவர் விரலில் அது நிற்கும். 1972 மே 3 அன்று வேல்ஸிலுள்ள ஸ்வான்சீ நகர மேடையில் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, நிலத்தொடர்பு சரியாக அமையாத மைக்கைத் தொட்டு மின்தாக்குற்று மாண்டார். இரைச்சலைத் தடுக்க 1:1 தனிப்படுத்து மின்மாற்றியைப் பிரிப்பானுக்கும் மேசைக்கும் இடையே வைத்து, உறையை மேசையின் பக்கம் மட்டும் இணைத்தால் போதும். இரு நிலமுனைகளும் அப்படியே இருக்கலாம்.