பி.ஏ. பொருளியல்: மூன்றாண்டுத் திட்டம்

அன்புள்ள பேத்திக்கு,

பி.ஏ. பொருளியல், பட்டம் வாங்கியதும் ஒரே வேலையில் கொண்டுபோய் விடும் படிப்பு அல்ல. பி.காம். முடித்தவருக்குக் கணக்கு எழுதும் வேலை இருப்பதுபோல் இதற்கென்று தனி வேலை கிடையாது. அதனால் மூன்றாண்டு கழித்து எந்தப் பக்கம் போவது என்று ஓரளவு யோசித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சரியான முறை. சேரும் நாளிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை. எந்த வழிக்கு என்ன கேட்கிறார்கள் என்பது மட்டும் அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

வழிகள் மூன்று. முதலாவது எம்.ஏ., அதன்பின் ஆராய்ச்சி அல்லது பொருளியல் வல்லுநர் பணி. 1961ல் உருவான இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித்தேர்வு நடத்துகிறது, அதை எழுதப் பி.ஏ. போதாது, பொருளியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கும் அப்படியே. இரண்டாவது, எந்தப் பாடப் பட்டதாரியும் எழுதக்கூடிய போட்டித் தேர்வுகள்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள், சிவில் சர்வீசஸ், வங்கித் தேர்வுகள், ரிசர்வ் வங்கியின் கிரேடு பி பொதுப் பிரிவு. இவற்றில் இந்தியப் பொருளாதாரம் பற்றிய பகுதி பொருளியல் மாணவருக்குப் புதிதாக இராது. மூன்றாவது கம்பெனி வேலை: தரவுப் பகுப்பாய்வு, சந்தை ஆய்வு, நிதித் துறை.

முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் அடிப்படை கணிதமும் புள்ளியியலும்தான். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவரும் பி.ஏ. பொருளியலில் சேரலாம். வாசல் இப்படித் திறந்திருப்பது நல்லதே. ஆனால் அடுத்த வாசல் இப்படி இராது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் பொருளியலில் சேரவே பள்ளியில் கணிதம் படித்திருக்க வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுநிலைப் பொருளியல் நுழைவுத் தேர்வில் வகைநுண்கணிதமும் நிகழ்தகவும் அணிகளும் கேட்கப்படுகின்றன. இப்படிக் கணிதம் படித்து வருபவர்களோடு போட்டியிடப் போகிறவர் விட்டதை முதலாண்டிலேயே பிடித்தாக வேண்டும்.

அதற்கான தொடக்கம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பொருளியலின் கடைசிப் பாடம் கணித முறைகள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பாடம் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும். தேர்வுக்கு வேண்டாம் என்று பலர் தள்ளிவிடும் இந்த இரண்டையும் கல்லூரி திறப்பதற்கு முன் கணக்குப் போட்டு முடிப்பது நல்லது. இறுதிநிலைச் செலவு என்பது மொத்தச் செலவின் வகைக்கெழு என்று ஒருமுறை புரிந்துவிட்டால், நுண்ணினப் பொருளியலின் பாதி வரைபடங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. மேற்கொண்டு படிக்க, ஐ.ஐ.டி.க்கள் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம்.

புள்ளியியல் ஏன் வேண்டும் என்பதற்குத் தென்சென்னைப் புறநகரின் தண்ணீர் லாரியே சாட்சி. சிட்லப்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ ஓர் அடுக்ககச் சங்கத்தின் நோட்டில் லாரி வந்த தேதி, எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய் என்று எழுதியிருக்கும். ஜனவரியில் 4 லோடு, மே மாதத்தில் 15 லோடு என்று வைத்துக்கொள்வோம். கோடையில் லோடுக்கான விலையும் ஏறியிருக்கும். இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் விலை ஏற ஏற வாங்குவதும் ஏறுவதாகத் தெரியும். தேவை விதி பொய்த்துவிட்டதா? இல்லை. போர்வெல் வற்றியதால் தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. நோட்டில் உள்ள புள்ளிகள் ஒரே கோட்டைச் சேர்ந்தவை அல்ல. விலை மாற்றத்துக்கு மக்கள் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்று அறிய, நிலத்தடி நீர் மாறாமல் விலை மட்டும் மாறிய சமயத்தைத் தேட வேண்டும். டீசல் விலை ஏறி லாரிக்காரர்கள் கட்டணத்தைக் கூட்டிய மாதம் அப்படிப்பட்டது. பொருளாதார அளவையியலின் பெரும்பகுதி இந்த ஒரு தேடலே. இதைச் சொந்தத் தரவில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு எம்.ஏ. நேர்காணலிலும் வேலை நேர்காணலிலும் சொல்ல விஷயம் இருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் தாம்பரத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. 1837ல் ஜார்ஜ் டவுனில் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937ல் தாம்பரத்துக்கு வந்தது. பொருளியல் அங்கே பழைய துறை. மின்சார ரயிலில் போய்வர முடிந்தால் நுங்கம்பாக்கத்தில் இறங்கி லயோலாவுக்கும், ரயில் மாறிப் போனால் மாநிலக் கல்லூரிக்கும் போகலாம். அரசுக் கல்லூரிக்கு அரசின் பொது இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெயரைவிட மூன்று விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்: பாடத்திட்டத்தில் கணிதமும் அளவையியலும் எத்தனை தாள், துணைப்பாடமாகப் புள்ளியியல் எடுக்க முடியுமா, இடம் எய்டட் பிரிவிலா செல்ஃப் பைனான்ஸிலா. எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்பதால் கட்டணம் குறைவு. மற்றதில் அதே பட்டத்துக்குப் பல மடங்கு செலவாகும். கல்விக்கடன் வாங்குவதற்கு முன் எம்.ஏ.வுக்கும் பணம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேர்ந்தபின் ஆறு செமஸ்டர்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டில் தமிழ், ஆங்கிலத் தாள்களோடு நுண்ணினப் பொருளியலும் புள்ளியியலும் உறுதியாக வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர் பள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாடநூலைப் படித்தால் கருத்து குழம்பாது. அடுத்த இரண்டில் பேரினப் பொருளியலும் பொது நிதியும் வரும்போது எக்செல்லும் ஆர் அல்லது பைத்தானும் பழகலாம். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, 2017ல் தொடங்கிய காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு ஆகியவற்றை மூல அறிக்கையாகவே படிப்பதும் இந்தக் காலத்தில்தான். ஐந்தாம் செமஸ்டர் முடியும்போதே கியூட் முதுநிலைத் தேர்வு உள்ளிட்ட விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். அப்போது அரியர் கையில் இருக்கக் கூடாது. கடைசிச் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு உரியது.

அந்தப் புராஜெக்ட்டைப் பலர் ஐம்பது பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பி முடித்துவிடுகிறார்கள். சென்னையில் பொருளியல் படிப்பு தொடங்கிய விதம் வேறு. 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு எல்லாவற்றையும் கேட்டு எழுதச் சொன்னார். அந்தக் குறிப்புகளிலிருந்து 1918ல் வெளியான நூலில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தூசியும் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் இடம்பெற்றன. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். மாணவர் எழுதிய குறிப்பு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஒப்பீட்டுக்கு அடித்தளமானது.

தாம்பரத்தைச் சுற்றி அப்படிப்பட்ட களங்கள் நிறைய. 1984ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துப் பெண் தொழிலாளரின் வாடகைச் செலவு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருளுக்கு விலை பேசும் முறை, தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் இன்றைக்கு இருக்கும் தொழில்கள் என்று எதை எடுத்தாலும் ஒரு செமஸ்டருக்குப் போதும். முன்னோடி ஆய்வுகளைத் தேட அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1940களில் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்த மால்கம் ஆதிசேஷையா 1971ல் தொடங்கியது அது. அதே கல்லூரியில் கற்பித்த சி.டி. குரியன் 1978ல் அதன் இயக்குநரானார். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், எம்.ஏ. நடத்தும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் பக்கம் பக்கமாக உள்ளன.

முதலாண்டு முடிவில் கணிதம் கைவந்திருந்தால் எம்.ஏ. வழியைத் தொடரலாம். வராவிட்டால் இரண்டாம் வழிக்குத் திரும்ப இன்னும் இரண்டாண்டு இருக்கும். அங்கே நாளிதழ் வாசிப்பும் இந்தியப் பொருளாதாரமும் எழுத்துத் திறனும் எடுபடும். மூன்றாமாண்டில் வழி மாறுவதுதான் கடினம்.

அன்புடன்,
தாத்தா
கிழக்குத் தாம்பரம்