கம்பெனி மறுபடியும் கைமாறுகிறதா? ஒரகடம் வழித் தொழிலாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குகிறது என்ற அறிவிப்பு வந்தது 2013 செப்டம்பரில். வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டம் (வி.ஆர்.எஸ்.) வந்தது, 5,000க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. முதல் செய்திக்கும் கடைசி நாளுக்கும் நடுவே நோக்கியாவில் 14 மாதம் இருந்தது. அப்படிக் கிடைக்கும் மாதங்களை என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: விற்றது எதை என்று கேளுங்கள்

"கம்பெனிய வித்துட்டாங்களாம்" என்ற பேச்சு ஒரே ஷிஃப்டில் லைன் முழுக்கப் பரவிவிடும். விற்றது பங்கையா, ஆலையையா என்று முதலில் விசாரியுங்கள். ஒரகடம் ரெனோ நிசான் ஆலையில் நிசானிடமிருந்த 51 சதவீதத்தை ரெனோ 2025இல் வாங்கியது பங்கு விற்பனை. உங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் அதேதான், சர்வீஸ் அறுபடாது. ஆலையே வேறு நிறுவனத்துக்குப் போனால் கதை வேறு. பழைய சர்வீஸ் தொடரும், சம்பளமும் சலுகையும் குறையாது என்று புது முதலாளி ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டும். இதை எழுத்தில் கேளுங்கள். யூனியன் இருந்தால் அதன் வழியாகக் கேட்பது நல்லது.

படி 2: நீங்கள் யாருடைய கணக்கில் இருக்கிறீர்கள்?

ஒரே லைனில் பெர்மனென்ட், டிரெயினி, கான்ட்ராக்ட் மூவரும் நிற்பார்கள். ஆள் குறைப்பு என்றால் முதலில் கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் நிறுத்துகிறார்கள். பல இடங்களில் அதைக் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு. ஆறு வருஷமாக அதே மெஷினில் நிற்கும் பெண்ணிடம் மூன்று கான்ட்ராக்டர் பெயரில் மூன்று ஐ.டி. கார்டு இருக்கும். கடைசிக் கார்டைப் பார்த்தால் அவர் சேர்ந்து எட்டு மாதம்தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கை யு.ஏ.என். போட்டு எடுங்கள். எந்த மாதம் எந்த கான்ட்ராக்டர் பணம் கட்டினார் என்று வரிசையாக இருக்கும். பழைய கார்டுகளைத் திருப்பிக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இருபக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட் பாஸ், ஷிஃப்ட் அட்டவணை, பே சிலிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க, 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும்; அதற்கு இவைதான் கைகொடுக்கும். கான்ட்ராக்டர் சம்பளத்தைத் தராமல் ஓடிவிட்டால், அதைத் தரும் பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கு உண்டு.

படி 3: உங்களுக்கு வர வேண்டியதைக் கணக்குப் போடுங்கள்

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடப்பில் இருக்கிறது. முன்பு 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த வரம்பு 300. இந்தப் பக்கத்துச் சிறு உதிரிபாக ஆலைகளில் பலவற்றை இது வெளியே விட்டுவிடுகிறது. தொழிலாளிக்கு இது நிச்சயம் இழப்புதான்.

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் (300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் மூன்று மாதம்), முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். ஒரு முறை மட்டும் இன்னொரு 15 நாள் சம்பளம், மறுதிறன் நிதியிலிருந்து 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் விழும். கிராஜுவிட்டி தனி; அதன் கணக்கு இப்படி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய் என்று வையுங்கள். 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 800. பதினைந்தால் பெருக்கினால் வருஷத்துக்கு 12,000; எட்டு வருஷத்துக்கு 96,000.

சட்டம் தரும் இந்தத் தொகைகள் அடிமட்டம்தான். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, வருஷத்துக்குச் சராசரியாக 115 நாள் சம்பளம் என்ற பேச்சு, தொழிலாளர் சேர்ந்து நின்றதால் 130 நாளுக்கு ஏறியது.

படி 4: கையெழுத்துப் போடுமுன்

"நீங்களே எழுதிக் கொடுத்துட்டா செட்டில்மென்ட் சீக்கிரம் முடிஞ்சிடும்மா" என்று எச்.ஆர். அறையில் அன்பாகத்தான் சொல்வார்கள். ராஜினாமாவோ வி.ஆர்.எஸ்.ஸோ எழுதிக் கொடுத்தால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி திட்டத்தின் வேலையிழப்புப் படியும் கிடைக்காது. வி.ஆர்.எஸ். தொகை மேலே போட்ட கணக்கைவிடப் பல மடங்கு இருந்தால் யோசிக்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்து வேண்டாம். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி நகலோடு வெளியே வாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நோக்கியா கட்டடத்தை 2019இல் சால்காம்ப் நிறுவனம் வாங்க ஒப்பந்தம் போட்டது. இன்று அங்கே சார்ஜர் தயாராகிறது. வேலை இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரும். போன சீனியாரிட்டி திரும்பி வராது.

படி 5: மிச்சமிருப்பவர்களின் மனசு

முதல் சுற்றில் தப்பியவர்களுக்கு மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்க வேண்டிவரும். லீவு கேட்கப் பயம், ஓ.டி.யை மறுக்கப் பயம். போனவர்களின் போனை எடுக்கவே கூச்சமாக இருக்கும். எடுங்கள். எந்த கம்பெனி ஆள் எடுக்கிறது, செட்டில்மென்ட் பணம் உண்மையில் வந்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரே பஸ்ஸில் வரும் நான்கைந்து பேர் சேர்ந்து, நோட்டீஸ் போர்டில் பார்த்ததை மட்டும் பகிர்வது என்று முடிவு செய்யுங்கள். வதந்தி பாதி அடங்கும்.

வீட்டில் மறைக்காதீர்கள். குழுக் கடன் தவணை உங்கள் சம்பளத்தை நம்பி ஓடும்போது, அம்மாவுக்கோ கணவருக்கோ கடைசி நாளில் தெரிவது பெரிய அடி. நிலைமை தெளியும்வரை புது வண்டிக் கடன் வேண்டாம்.

படி 6: நிறுத்திவிட்டால்

கணக்கு முடித்த சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். நிறுத்தியது தவறு என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். முன்பு இது மூன்று வருஷமாக இருந்தது.